இடம் விட்டுப் பாடுகிறவர்கள்

உன் கல்யாண அழைப்பிதழ் போனில் வந்து சேர்ந்தது. ஏரியும் பனியும் போட்டு, ஓரத்தில் ஒரு கஞ்சிராவையும் வரைந்து வைத்திருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். "அம்மா, ரிசப்ஷன்ல நம்ம குரூப் அந்த லாக்டவுன் பாட்டப் பாடணும். காதர் மாமா போர்ஷனுக்கு மட்டும் சென்னைல பாடுனவரே வர்றேன்னுட்டார். நீ மத்தவங்கள ரெடி பண்ணிரு." ரெடி பண்ணுவதற்கு அது என்ன சாம்பார் பொடியா? கோபத்தோடு போனை எடுத்தால் நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நம் ஊர்ப் பிள்ளைகள் நடத்துகிற பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நீ அந்தப் பாட்டை ஊர் உலகமெல்லாம் கேட்கப் போட்டாய், என் பதிலும் நாலு பேர் படிக்கக் கிடக்கட்டும். உன் பேரையும் என் பேரையும் போடச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நான் உனக்குத் தாய்தான்.

உனக்குத் தெரிந்த விஷயங்களைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். தெரியும்மா, தெரியும்மா என்று தள்ளிக்கொண்டே போகாதே. உனக்குத் தெரிந்திருந்தும் செய்தாயே என்பதுதான் என் ஆத்திரம். தெரியாதவன் செய்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் தைலக்கடையை அடைத்துவிட்டு, உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பஜாரில் காதர் மாமாவின் கம்பளிக் கடை மாடிக்குப் போவேன். மலைக்கோடியில் இருக்கிற கிளாவரையிலிருந்து முருகாயி வருவாள். பூண்டுக் காட்டில் வேலை முடித்து நேராக வருவதால் அவள் உட்கார்ந்த இடமெல்லாம் பூண்டு வாசனை அடிக்கும். பண்ணைக்காட்டிலிருந்து ஆரோக்கியம் மாமா ஜீப்பை எடுத்துக்கொண்டு கஞ்சிராவோடு வருவார். வேறு சிலரும் வருவார்கள், போவார்கள். எங்களில் யாரும் முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் இல்லை. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பாட்டு. பொதுவான பல்லவியை எல்லோரும் பாடுவோம். அதற்கு நடுவே ஆளுக்கு ஒரு கண்ணி, அவரவர் பிழைப்பைப் பற்றி, அவரவரே கட்டியது. ஒருவர் கண்ணியை இன்னொருவர் பாடக்கூடாது.

காதர் மாமாவின் கண்ணி உனக்கு நினைவிருக்கும். 'ஊருக்கெல்லாம் கம்பளி வித்தேன், எம் ஒடம்புக்கு ஒண்ணு எடுத்து வைக்கல' என்று கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். அவர் பெண்டாட்டி ஜமீலா டீ டம்ளரோடு படியில் நின்றபடி, "எடுத்து வச்சா மட்டும் போத்திக்கிடுவாராக்கும்" என்பாள். நீ நாலாங்கிளாஸ் படிக்கும்போது உனக்கும் ஒரு கண்ணி வேண்டும் என்று அழுதாய். நீயே கட்டு என்று மாமா சொன்னார். மலையிலிருந்து வத்தலக்குண்டுக்குப் பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் நீ வாந்தி எடுப்பாய், நான் எலுமிச்சம்பழத்தை உன் மூக்கில் வைத்துத் தேய்ப்பேன். அதையே பாட்டாக்கினாய். 'எலுமிச்சம்பழம் எங்கம்மா கையில, எத்தன வளைவோ எம் வயித்துல.' மாடி முழுக்கச் சிரித்தது. சீசனில் ஏரிக்கரையில் பாடும்போது வெளியூர்க்காரர்கள் உன் கண்ணிக்குத்தான் அதிகம் கை தட்டினார்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வராதவர் கண்ணிக்கு இடம் விடுவோம். முருகாயி வருகிற பஸ் பாதி நாள் வழியில் நின்றுவிடும், மழைக்காலத்தில் மண் சரிந்துவிடும். அவள் வரவில்லை என்று அவள் கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவ மாட்டோம். ஆரோக்கியம் கஞ்சிராவை மட்டும் தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கண்ணி பாட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் எல்லோரும் பேசாமல் காத்திருப்போம். ஒரு நாள் அப்படிக் காத்திருக்கும்போதே அவள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பாதிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டாள். நீதான் எழுந்து நின்று கை தட்டினாய். "நம்ம எடம் விடாட்டி முருகாயி அத்தைக்கு ஏற எடமே இருந்திருக்காதும்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். நீ சொன்னதுதான் அது, நான் கட்டிச் சொல்லவில்லை.

பிறகு கொரோனா வந்தது. சீசன் தொடங்குகிற நேரத்தில் மலையைப் பூட்டினார்கள். செக்போஸ்டைத் தாண்டி ஒரு வண்டியும் ஏறவில்லை. ஏரியில் படகுகள் கட்டிப்போட்டபடி கிடந்தன, குதிரைக்காரர்கள் குதிரைக்குத் தீனி தேடி அலைந்தார்கள். என் கடையில் தைல பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. சென்னையில் நீ உன் அறைக்குள் அடைந்து கிடந்து, தினமும் போன் செய்து, "மாஸ்க் போட்டியா, கை கழுவுனியா" என்று கேட்டாய். அந்தக் கரிசனத்தை நான் மறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பூட்டிக் கிடக்கும் அந்த மாடி வரை வேலியோரமாக நடந்து போய்த் திரும்பிவிடுவேன். போலீஸ்காரர் கேட்டால் பால் வாங்க என்பேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் சேர்ந்து பாடிப் பார்த்தோம். ஆரோக்கியம் தட்டியது என் காதுக்கு வருவதற்குள் அவர் அடுத்த தட்டுக்குப் போயிருந்தார். நான் ஒரு பக்கம், காதர் மாமா ஒரு பக்கம். "இது பாட்டு இல்ல தங்கச்சி, சீசன் நேரத்து பஸ் ஸ்டாண்டு" என்று அவர் சிரித்தார். பிறகு அவரே வழியும் சொன்னார். "ஆரோக்கியம் ஒவ்வொருத்தர் கண்ணிக்கும் கஞ்சிராக் கொட்டு மட்டும் அடிச்சு அனுப்பட்டும். அதக் கேட்டுக்கிட்டே அவங்கவங்க பாடி அடுத்தவங்களுக்குத் தள்ளி விடுவோம். வரிசையாக் கேட்டா பாட்டுதான?" மழைச் சத்தம் விழாமல் இருக்க, ஆரோக்கியம் ஓடாமல் நின்ற ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து அடித்து அனுப்பினார். கிளாவரையில் சிக்னல் கிடையாது. முருகாயி தன் அண்ணன் மகன் போனில் பாடி, அதன் மெமரி கார்டைத் தாளில் மடித்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போகிற லாரி டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். காய் லாரியை மட்டும் அப்போது விட்டார்கள். அவர் விடியக்காலம் நம் தெருமுனையில் ஹாரன் அடிப்பார். நான் கம்பு நுனியில் ஒரு பையை நீட்டி வாங்குவேன். "வெரசா வாங்கிக்கங்கக்கா, வெள்ளனே போயி எறக்கணும்" என்பார். அந்தக் கார்டும் பூண்டு வாசனைதான் அடித்தது.

அப்படித்தான் வாரா வாரம் அந்தப் பாட்டு மலை முழுக்கச் சுற்றியது. ஒருவர் போனிலிருந்து இன்னொருவருக்குப் போய், யாரோ ஒரு குதிரைக்காரர் தானும் ஒரு கண்ணி கட்டி அனுப்பினார். ஹோட்டல் மூடிய சமையல்காரர் ஒருவர் அனுப்பினார். ஏரிக்கரையில் ஆட்களை உட்கார வைத்து முகம் வரைகிற பையன், பாடத் தெரியாது என்று, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு படம் வரைந்து அனுப்பினான். கொரோனா முகாமில் தனியே வைத்திருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அதைக் கேட்டுவிட்டு, "நான் கண்ணி கட்டல, கொழந்த பெறந்ததும் கட்டுறேன், எடம் விடுங்க" என்று பேசி அனுப்பினாள். விட்டோம். பிள்ளை பிறந்ததும் சொன்னபடி தன் கண்ணியை அனுப்பினாள். நான் அந்த நாட்களில் பட்ட கஷ்டத்தை மறந்தாலும் மறப்பேன், அந்தக் குரல்களை மறக்க மாட்டேன்.

இரண்டாவது அலையில் காதர் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. கீழே ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். அவர் கால் நடையாகத்தான் ஏறினார், ஜமீலாவைப் பார்த்து, கடைச் சாவியைப் பத்திரமாக வை என்றார். அவ்வளவுதான், உயிரோடு திரும்பவில்லை. மய்யித்தை அவளுக்குக் காட்டவில்லை. முகம் தெரியாத பிள்ளைகள் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டு அடக்கம் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களாவது வந்தார்கள். நாங்கள் யாரும் போக முடியவில்லை. பத்து வீடு தள்ளி இருந்த நான், ஜமீலா வீட்டு வாசலில் நின்று பேசக்கூட முடியாமல், போனை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த வாரப் பாட்டு நிற்கவில்லை. நிறுத்தலாமா என்று கேட்டபோது ஆரோக்கியம்தான், "எடம் விட்டுப் பாடுவோம்ங்க" என்றார். காதர் மாமா கண்ணிக்கு அவர் வெறும் கொட்டு மட்டும் அனுப்பினார். நடுவில் ஓரிடத்தில் கை தவறியிருக்கிறது. சற்று நின்று, மறுபடி பிடித்துக்கொள்கிறது. அழுதிருக்கிறார் என்று கேட்டவுடனே தெரியும். அன்றைக்கு மலையில் எத்தனையோ வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, எல்லோரும் அதைக் கடைசி வரை கேட்டார்கள். ஜமீலா எனக்குப் போன் செய்தாள். "அக்கா, அவுகளுக்கு யாரும் வரலன்னு நெனச்சு ஆறவே இல்ல. இந்தக் கொட்டக் கேட்டதுக்கப்பறந்தான் எல்லாரும் வந்து நின்ன மாதிரி இருக்கு" என்றாள்.

இப்போது உன் சோலிக்கு வருகிறேன். கொஞ்ச நாள் கழித்து நீ போன் செய்தாய். "துண்டு துண்டா இருக்குறத எல்லாம் அனுப்பும்மா, சேத்து ஒரே பாட்டாப் போட்டுத் தர்றேன்" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகன் சினிமாவுக்கு எடிட்டிங் செய்கிறவன், அவன் செய்து தருவான் என்று எல்லோரிடமும் சொன்னேன். காதர் மாமாவுக்கு இடம் விட்ட அந்த வாரத்துத் துண்டுகளை வரிசை மாறாமல் அனுப்பினேன். நீ நாயின் குரைப்பை எடுத்தாய், மழையை எடுத்தாய், முருகாயியின் இருமலை எடுத்தாய். ஆரோக்கியத்தின் தாளத்தைக் கம்ப்யூட்டரில் நேராக்கினாய். காதர் மாமாவின் இடத்தில் சென்னைப் பாடகர் ஒருவரை, 'ஊருக்கெல்லாம் கம்பளி வித்தேன்' என்று குழைந்து குழைந்து பாட வைத்தாய். அது எங்கெங்கோ ஓடியது. உனக்குப் பாராட்டு வந்தது, பெரிய இடத்து வேலை வந்தது. எனக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் வாயில் உப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி நின்றேன்.

ஜமீலா அதை எங்கே கேட்டாள் தெரியுமா? காய்கறிக் கடையில். பக்கத்தில் நின்ற பெண்ணின் போனில் ஓடியிருக்கிறது. பையை அங்கேயே வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "யாருக்கா அது, அவுக எடத்துல?" என்று மட்டும் கேட்டாள். என் மகன் ஆள் வைத்தான் என்று சொல்வதா? தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டாள். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவள் என் கடைப் பக்கம் வரவில்லை. பஜாரில் எதிரே வந்தால் சலாம் சொல்வாள், நிற்க மாட்டாள். மாடிக் கதவும் திறக்கவில்லை. நோய் எங்களைப் பிரித்து வைத்தபோதுகூட நாங்கள் பிரியவில்லை ஐயா, நீ சேர்த்து வைத்தாயே, அப்போதுதான் பிரிந்தோம்.

உனக்குப் போன் செய்து கேட்டேன். நீ சொன்ன பதில் ஒரு எழுத்துக் குறையாமல் என் காதில் கிடக்கிறது. "அம்மா, வெறும் கொட்டா இருந்தா ஆளுங்க ஸ்கிப் பண்ணிட்டுப் போயிருவாங்க. அது டெட் ஸ்பேஸ்ம்மா. பாரு, வெறும் கொட்டு மட்டும் ரெண்டு ஃபைல் அனுப்பியிருந்த. ஒண்ணு டூப்ளிகேட்னு தூக்கிட்டேன். இன்னொண்ணுலதான் அவர் வரிய வச்சேன். அவருக்கு மரியாதை பண்ணத்தானே செஞ்சேன்?" நான் போனை வைத்துவிட்டேன். சமாதானமாகிவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய்.

போன பொங்கலுக்கு நிவேதாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயே. நீ கார் டயரைப் பார்க்கப் போயிருந்தபோது, அந்தப் பெண், "அத்தை, அந்தப் பாட்டப் பத்திப் பேசத்தான் முதல்ல இவருக்கு மெசேஜ் பண்ணேன்" என்று வெட்கப்பட்டாள். நான் என் போனில் இருந்த பழைய துண்டுகளில் சிலவற்றை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். காதர் மாமாவின் இடம் வந்தது. வெறும் கொட்டு. அவள் போனைத் தொடவில்லை. தலையைக் குனிந்து முழுவதும் கேட்டுவிட்டு, "யாரு வரல அத்தை?" என்றாள். ஏலே, நம் மாடியை அவள் பார்த்ததே இல்லை. நீ அதில் வளர்ந்தவன். நல்ல பெண் கிடைத்திருக்கிறாள் உனக்கு. அவள் பேச்சை நிறுத்தினால், சும்மா இருக்கிறாளே என்று நீ பேசி நிரப்பிவிடாதே. கொஞ்சம் காத்திரு. கல்யாணத்துக்கு இதைத் தவிர நான் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் ஆசையைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன். போன ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டு வைத்தேன். மாடிச் சாவியை ஜமீலாவே கொண்டு வந்தாள். அவளும் உட்கார்ந்தாள். சென்னைப் பாடகர் வருகிறார் என்றதும் ஆரோக்கியம் கஞ்சிராவை உறைக்குள் போட்டுவிட்டார். முருகாயி, "சோத்துக்கு வாரேன், பாட்டுக்கு வரல. எம் புள்ள கல்யாணத்துல சாப்பிடாமப் போகமாட்டேன், அதுக்காக இதையும் பண்ண மாட்டேன்" என்றாள். எல்லோரும் ஜமீலாவைப் பார்த்தோம். அவள் வெகு நேரம் தன் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். "கல்யாணம் அதுவுமா புள்ளைய வெசனப்பட வைக்காதீங்கக்கா. அவுக மடியில தூங்குன புள்ளதான். போயிப் பாடுங்க. அந்த ஆள் வேணாம். எடம் விட்டுப் பாடுங்க" என்றாள். உன்னைக் காப்பாற்றிப் பேசியது யார் என்று பார்த்துக்கொள்.

ஆக, வருகிறோம். சென்னைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. காதர் மாமாவின் கண்ணி வரும்போது கொட்டு மட்டும்தான் இருக்கும். உன் விருந்தாளிகள் போனைப் பார்க்கட்டும், கொட்டாவி விடட்டும், சாப்பிடப் போகட்டும். நாங்கள் முடியும் வரை காத்திருப்போம். மேடையில் நீயும் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் போட்டோ எடுக்கிறவரிடம் திரும்பாதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்குப் போனில் சொல்லாமல் வைத்தேனே, அது. வெறும் கொட்டு இரண்டு ஃபைல் வந்தது, ஒன்று டூப்ளிகேட் என்று தூக்கிவிட்டாய் அல்லவா? அது டூப்ளிகேட் இல்லை. முருகாயிக்கு அப்புறம், காதர் மாமாவுக்கு முன்னால் யாருடைய கண்ணி என்று யோசித்துப் பார். எலுமிச்சம்பழக் கண்ணி. நீ சென்னைக்குப் படிக்கப் போன வாரத்திலிருந்து அந்த மாடியில் ஒவ்வொரு ஞாயிறும் உன் இடத்தை விட்டுத்தான் பாடினோம். மலை பூட்டிக் கிடந்தபோதும் ஆரோக்கியம் ஜீப்புக்குள் உட்கார்ந்து உனக்கும் அடித்து அனுப்பினார். "சின்னவனுக்கும் எடம் இருக்கட்டும்" என்று காதர் மாமா போவதற்கு முந்தின வாரம்கூடச் சொன்னார். நீ அதைக் கையில் வாங்கி, கேட்டு, இது யாருடையது என்று தெரியாமல் குப்பையில் போட்டாய்.

கல்யாணத்தன்றும் அந்த இடத்தை விடுவோம். முருகாயி முடித்ததும் ஆரோக்கியம் தட்டிக்கொண்டே இருப்பார். மைக் உன் பக்கத்தில்தான் இருக்கும். அடுத்து காதர் மாமாவின் இடம் வரும். அவர் வரமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். உன்னைப் பற்றித்தான் தெரியவில்லை.

அம்மா